'தேங்கழுத்தம்': 'எச்ச அழுத்தம்' என்பதற்கு மாற்றாக ஒரு முன்மொழிவு

மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு வணக்கம்.

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் செம்பனைக் குலை ஏற்றும் லோரிகளுக்கும் தோட்டத்து டிராக்டர்களுக்கும் டயர் மாற்றித் தரும் பட்டறைகளில் வேலை பழகும் இளைஞர்களுக்காக, அழுத்தக்காற்றுக் கருவிகளைப் பாதுகாப்பாகக் கையாளுவது பற்றிய தமிழ்க் கையேட்டை நான் தொகுத்து வருவதை அறிவீர்கள். கம்ப்ரசர், ஹோஸ், வால்வு, கப்ளிங் ஆகியவை பட்டறையில் வேரூன்றிய சொற்கள், அவற்றை அப்படியே வைத்துக்கொள்வோம் என்ற முடிவை முழு மனத்தோடு ஏற்கிறேன். இன்னும் முடிவாகாமல் இருப்பது ஒரே சொல். கையேட்டில் ஒருவரின் கண்ணையும் கையையும் காக்க வேண்டிய இடத்தில் அது வருவதால், அவசரமாக முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை.

கம்ப்ரசரின் மோட்டாரை நிறுத்திய பிறகும் தொட்டியிலும் ஹோஸிலும் கருவிக்குள்ளும் அடைபட்டிருக்கும் அழுத்தத்தை எப்படி அழைப்பது என்பதே கேள்வி. ஈப்போவிலிருந்து எழுதிய ஐயா 'எச்ச அழுத்தம்' என்றார். யாழ்ப்பாணத்து நண்பர், அங்கே பாடநூல்களில் 'அமுக்கம்' என்றே வழங்குவதால் 'மீதியமுக்கம்' என்றார். இரண்டிலும் இலக்கணக் குற்றம் இல்லை. ஆனால் எச்சம் என்றாலும் மீதி என்றாலும், பெரும்பகுதி போய்விட்டது, கொஞ்சம்தான் இருக்கிறது என்றே கேட்பவர் மனம் எடுத்துக்கொள்ளும். 8 பார் (அழுத்த அலகு) வரை நிரம்பிய தொட்டியின் மோட்டாரை நிறுத்தினால், உள்ளே இருப்பது அதே 8 பார்தான். சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 116 பவுண்டு. கசிவில்லாத தொட்டியில் மறுநாள் காலையில்கூட அது பெரிதும் குறைந்திருக்காது. மின்கருவியின் பிளக்கைப் பிடுங்கிப் பழகிய கை, கம்ப்ரசரின் சுவிட்சை அணைத்ததும் எல்லாம் அடங்கிவிட்டது என்று நம்புகிறது. அந்த நம்பிக்கைக்கு 'எச்சம்' என்ற சொல் துணைபோகக் கூடாது.

ஆகவே 'தேங்கழுத்தம்' என்ற சொல்லை முன்வைக்கிறேன். தேங்கு, அழுத்தம் எனப் பிரியும் வினைத்தொகை இது. வினைத்தொகை காலம் கரந்து நிற்பதால், முன்பு தேங்கியதும் இப்போது தேங்குவதும் வால்வைத் திறக்கும் வரை இனித் தேங்கப் போவதும் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. மதகு திறக்காதவரை ஏரி நீர் போகாது என்பதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை என்பதால், அடைபட்ட காற்றும் தானாகப் போகாது என்பது சொல்லிலேயே விளங்கிவிடும்.

நம் ஆசிரியை அம்மா, 'தேக்கம்' என்பது இன்று வேலைத் தேக்கம், விலைத் தேக்கம் என மந்தத்தைக் குறிப்பதால் ஆபத்தின் கூர்மை மழுங்குமே என்று கேட்டிருந்தார். இது நியாயமான கேள்வி. பட்டறையில் மூத்தவர்கள் "காத்து இன்னும் உள்ளே நிக்குது, கை வைக்காதே" என்றுதான் சொல்கிறார்கள். அந்த 'நிற்றல்' சொல்லில் வர வேண்டும் என்றே நானும் முதலில் 'நிலையழுத்தம்' என்பதை எண்ணிப் பார்த்தேன். ஆனால் பாய்ம இயக்கவியலில் அச்சொல் வேறொரு பொருளுக்கு ஏற்கெனவே உரியதாகிவிட்டது. பொறியியல் படித்த ஒருவர் கையேட்டைப் புரட்டினால் குழம்புவார். தேங்குதல் அதே பொருளுக்கு மிக அருகில் இருக்கிறது. அம்மாவின் கவலையைத் தீர்க்க, கையேட்டில் இச்சொல் எங்கு வந்தாலும், காற்றை வெளியேற்று என்ற பொருளில் 'இறக்கு' என்ற ஏவலோடு சேர்ந்தே வரட்டும்.

அந்த ஏவல் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். காற்றை வெளியேற்றுவதற்கும் தொட்டியின் அடியில் சேரும் நீரை வெளியேற்றுவதற்கும் 'வடித்தல்' என்ற ஒரே சொல் போதும் என்று ஒருவர் எழுதியிருந்தார். இதை நான் ஏற்கவில்லை. நம் நாட்டின் ஈரக் காற்றை அமுக்கி, அது குளிரும்போது தொட்டியில் நீர் சேர்கிறது. வடிக்காமல் விட்டால் தொட்டி உட்புறமாகத் துருப்பிடித்து, வெளியே தெரியாமலே அதன் சுவர் மெலிந்துபோகும். அது தொட்டியைக் காக்கும் அன்றாடப் பராமரிப்பு. கருவியைக் கழற்றுமுன் காற்றை இறக்குவது ஆளைக் காக்கும் செயல். இரண்டுக்கும் ஒரே சொல் இருந்தால், ஒன்றைச் செய்தவர் மற்றதையும் செய்துவிட்டதாக நினைக்க இடமுண்டு.

வரிசையும் சொல்லோடு சேர்ந்தது. முதலில் தொட்டியருகே வால்வை மூட வேண்டும். பிறகு கருவியை ஆளில்லாத பக்கம் திருப்பி, டிரிகரை அழுத்தித் தேங்கழுத்தத்தை இறக்க வேண்டும். ஓசை முழுவதும் அடங்கிய பின்னரே கப்ளிங்கைக் கழற்ற வேண்டும். வால்வைத் திறந்தபடியே ஹோஸ் விடுபட்டால், அதன் இரும்பு முனை துள்ளிச் சுழன்று முகத்தைத் தாக்கும். நட்டு கழற்றும் கருவியில் சாக்கெட்டை மாற்றும்போதும் இதே முறைதான்.

'ஏர் கன்' விவகாரத்தைச் சுருக்கமாகவே தொடுகிறேன். நட்டு கழற்றுவதும் தூசி ஊதுவதும் ஒரே பெயரில் வழங்குவதால், முன்னதைக் 'காற்றுத்திருகி' என்றும் பின்னதை 'ஊதுமுனை' என்றும் பிரிக்கலாம். துப்பாக்கி என்ற சொல் வேண்டாம். அது விளையாட்டாக நீட்டிக் காட்டத் தூண்டும். ஊதுமுனையைத் தோலின் மேல் வைத்தால் காற்று காயத்தின் வழியே இரத்தத்தில் புகக்கூடும், கண்ணும் செவிப்பறையும் சிதையக்கூடும். சுத்தம் செய்வதற்குச் சதுர அங்குலத்துக்கு 30 பவுண்டுக்கும் குறைவான அழுத்தமே இருக்க வேண்டும், அதுவும் தெறிக்கும் துகளுக்குத் தடுப்பு வைத்த பிறகே என்பது அமெரிக்க விதி. உடம்பையும் சட்டையையும் ஊதவே கூடாது என்று நம் கையேட்டில் தடித்த எழுத்தில் போடுவோம்.

மலாய் அறிவிப்புப் பலகை இருக்கும்போது தமிழ் எதற்கு என்று கேட்டவருக்கு ஒரு விளக்கம். 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் முதலாளி தர வேண்டியவையாகத் தகவல், அறிவுறுத்தல், பயிற்சி, மேற்பார்வை ஆகியவற்றைச் சொல்கிறது. பலகையை மலாயில் படித்துக்கொள்வார்கள், சரிதான். ஆனால் எங்கள் பட்டறைகளில் பழக்கிக் கொடுப்பதும் மேற்பார்ப்பதும் தமிழில்தான் நடக்கின்றன.

சொற்பட்டியலில் சேர்ப்பதற்கான வரையறை: தேங்கழுத்தம் என்பது, காற்று வழங்கல் நிறுத்தப்பட்ட பின்பும் தொட்டி, ஹோஸ், கருவி ஆகியவற்றுள் இறக்கப்படாமல் அடைபட்டிருக்கும் அழுத்தம். 'நிறுத்தப்பட்ட' என்பதா, 'மூடப்பட்ட' என்பதா பொருத்தம் என்பதில் ஈப்போ ஐயாவின் கருத்தை எதிர்பார்க்கிறேன்.

அன்புடன்,
சுங்கை சிப்புட்டிலிருந்து