கின்ஸ்டனில் ஆள் இல்லையா, கணக்கு இல்லையா? 66 ராத்திரி விவகாரம்

கிரெய்ஞ்சர்வாசி:
பக்கத்து இழையில் ஒருவர் தீர்ப்பே எழுதிவிட்டார்: "இருபதாயிரம் பேர் இருக்கிற ஊருக்கு மைனர் லீக் (மேஜர் லீக் அணிகளுக்கு இளம் வீரரைத் தயாரிக்கும் கீழ்மட்டம்) பேஸ்பால் அணி எதற்கு? சீசனுக்கு 66 ராத்திரி யார் வந்து உட்காருவது? வட கரோலைனாவின் கின்ஸ்டனே சாட்சி." படித்ததும் பற்றிக்கொண்டு வருகிறது. கின்ஸ்டனின் கிரெய்ஞ்சர் ஸ்டேடியம் 1949-இல் எழும்பியது. 2011 சீசன் முடிந்ததும் ஊரின் இந்தியன்ஸ் அணியைப் பெயர்த்து அதே மாநிலத்து ஸெபுலனுக்குக் கொண்டுபோனார்கள். ஸெபுலனின் மக்கள்தொகை எவ்வளவு தெரியுமா? 2020 கணக்கெடுப்பில் ஏழாயிரத்தைக்கூடத் தொடவில்லை. 2017-இல் கின்ஸ்டனுக்கு உட் டக்ஸ் என்ற அணி வந்தது, வந்த வருஷமே கரோலைனா லீக் பட்டத்தைப் பகிர்ந்துகொண்டது. 2024 முடிந்ததும் அதையும் தென் கரோலைனாவின் ஸ்பார்டன்பர்குக்குக் கொண்டுபோய்விட்டார்கள். இருபதாயிரம் தாங்காதாம், ஏழாயிரம் தாங்குமாம். இது எந்த ஊர்க் கணக்கு?

தார்ப்பாய்:
பக்கத்து இழையில் அதை எழுதியது நான்தான். ஒரு எழுத்தையும் மாற்றுவதாக இல்லை. ஸெபுலனில் ஆடிய அணிக்கு வந்த கூட்டம் பக்கத்துப் பெருநகரமான ராலேயின் கூட்டம். வரைபடத்தை விரித்து, அரைமணி கார் தூரத்துக்கு ஒரு வட்டம் போட்டுப் பாருங்கள். கின்ஸ்டன் வட்டத்துக்குள் என்ன விழுகிறது? அந்த ஸெபுலனும் 2025-ஓடு காலி. அங்கே ஆடிய மட்கேட்ஸ் அணி 2026-இல் வில்சனுக்குப் போய்ப் பெயரையும் மாற்றிக்கொண்டது.

மைனர் லீகின் கீழ்ப்படிகளான ஹை-ஏ, சிங்கிள்-ஏ இரண்டுக்கும் சீசனுக்கு 132 ஆட்டம். சொந்த ஊரில் 66. செவ்வாய் முதல் ஞாயிறு வரை ஒரே எதிரணியோடு ஆறு ஆட்டம், திங்கள் ஓய்வு. வெள்ளி வாணவேடிக்கைக்கும் சனிக்கும் கூட்டம் தானாக வரும். ஏப்ரல் மாதச் செவ்வாய்க்கிழமை, குளிர் காற்று, மறுநாள் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். அன்றைக்கு யார் வருவார்? அதற்குப் பதில் சொல்லுங்கள். 66.

ஒன்பதாம் இன்னிங்ஸ்:
முதலில் "சின்ன ஊர்" என்றால் எது என்று பேசிக்கொள்ளலாமா? ஊர் எல்லையா, மாவட்டமா, கார் தூரமா?

தார்ப்பாய்:
அதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். நான் கேட்டது 66.

பச்சைச்சுவர்:
66 என்பதே தப்பு. அட்டவணையில் 66 என்று அச்சடித்திருக்கும். வாசல் அத்தனை நாள் திறக்காது. புதன் மழையில் போனால் வியாழன் இரண்டு ஆட்டம், வழக்கமான ஒன்பதுக்குப் பதில் ஏழேழு இன்னிங்ஸ், பெரும்பாலும் ஒரே டிக்கெட். ஞாயிறு போனால் அந்த எதிரணி மறுபடி வரும்வரை காத்திருக்க வேண்டும், வராவிட்டால் ஆட்டமே ரத்து. நாலு மழை பெய்தால் 62 ராத்திரிதான். அடிப்படை எண்ணையே தப்பாக வைத்துக்கொண்டு ஊரையே நியாயம் விசாரிக்கிறீர்கள்.

தார்ப்பாய்:
தம்பி, 62 என்றால் என் பக்கம்தான் பலப்படுகிறது. வட கரோலைனாவிலேயே கன்னாபொலிஸை எடுத்துக்கொள்வோம். ஐம்பதாயிரத்துச் சொச்சம் பேர் உள்ள ஊர். 2003-இல் பில்லோடெக்ஸ் துணி ஆலை மூடியது. 2015-இல் நகராட்சி ஊரின் நடுப்பகுதியையே, ஏறத்தாழ 50 ஏக்கர், 87.5 லட்சம் டாலருக்கு வாங்கியது. அங்கே 5.2 கோடி டாலரில் மைதானம் கட்டி 2021-இல் ஆட்டம் தொடங்கியது. அந்தத் தொகையை 20 வருஷக் கடனாக, 4 சதவீத வட்டிக்கு வாங்கியதாக ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். வருஷத் தவணை 38 லட்சம் டாலர் சொச்சம். 66-ஆல் வகுத்தால் ஒரு ராத்திரிக்கு 58,000. 2,500 பேர் வந்தால் தலைக்கு 23 டாலர், கடனுக்கு மட்டும். உங்கள் 62-ஐப் போட்டால் ராத்திரிக்கு 61,700. மழையால் சுமை ஏறுகிறதா, இறங்குகிறதா?

பச்சைச்சுவர்:
தம்பி என்று கூப்பிட வேண்டாம். என் வயது உங்களுக்குத் தெரியாது.

மைதானக் கடனை டிக்கெட்டால் மட்டும் அடைப்பதாக எந்த நகராட்சியும் திட்டம் போடுவதில்லை. சுற்றி எழும்பும் குடியிருப்பு, கடைகளின் சொத்துவரி, அணி தரும் வாடகை, பெயர் உரிமை, வெளிக்களச் சுவர் விளம்பரம், எல்லாம் சேர்ந்துதான் அடையும். கடனைத் தலைக்கு 23 என்று ரசிகர் மேல் ஏற்றுவது கணக்கு இல்லை, பயமுறுத்தல். எண்ணையும் இன்னும் திருத்தவில்லை. 62.

கிரெய்ஞ்சர்வாசி:
கின்ஸ்டனுக்குப் புது மைதானமே இல்லையே, எந்தக் கடன்? 1949 கட்டடம். அதைத் தரம் உயர்த்தினால் போதும்.

தார்ப்பாய்:
"போதும்" என்று சொல்லும் இடத்தில்தான் பணம் போகிறது. மேஜர் லீக் 2021-இல் மைனர் லீகின் 160 அணிகளை 120 ஆக்கியபோது மைதானங்களுக்கும் புதுத் தரப் பட்டியல் கொடுத்தது. விளக்கின் வெளிச்ச அளவு, இரண்டு அணிக்கும் போதுமான உடைமாற்றும் அறை, மழையிலும் மட்டை பழக மூடிய கூண்டு, பெண் ஊழியர்களுக்குத் தனி அறை, வீரர் உட்கார்ந்து சாப்பிட இடம். 1949-இல் போட்ட கான்கிரீட்டுக்கு அடியில் இதையெல்லாம் எங்கே நுழைப்பீர்கள்? சுவரை இடித்தால் வடிகால் குழாயும் பழசு, அதையும் மாற்ற வேண்டும். அவ்வளவும் செய்த பிறகும் அதே 66 ராத்திரி, அதே அரைமணி வட்டம்.

ஈரக்களிமண்:
இன்னொன்றும் இருக்கிறது. 2023 ஒப்பந்தத்தில் சிங்கிள்-ஏ வீரரின் குறைந்தபட்ச வருஷச் சம்பளம் 11,000 டாலரிலிருந்து 26,200 ஆகிவிட்டது. சின்ன ஊர் இதை எப்படிக் கொடுக்கும்?

பச்சைச்சுவர்:
உள்ளூர் அணி கொடுப்பதே இல்லை. வீரர், பயிற்சியாளர் சம்பளம் தாய் அணியான மேஜர் லீக் அணியின் பொறுப்பு. உள்ளூர் முதலாளியின் செலவு அலுவலக ஊழியர், வாடகை, பஸ், ஆட்ட நாள் கூலி. இதுகூடத் தெரியாமல் பேச வந்தால் என்ன செய்வது?

ஈரக்களிமண்:
தெரியாததால்தான் கேட்டேன். சரி, ஆட்ட நாள் கூலியையே பேசுவோம். மழையில் ஆட்டம் ரத்தானால் நஷ்டம் என்று இருவரும் நினைக்கிறீர்கள். அதைவிட மோசம் இரண்டு மணி நேரத் தாமதம். களத்தை மூடும் தார்ப்பாயை இழுக்க இருபது பேர் வேண்டும். பத்து நிமிஷம் தாமதித்து இழுத்தால் இன்ஃபீல்டு (உள்களம்) களிமண் கூழாகிவிடும். பிறகு சுட்ட களிமண் பொடியை மூட்டை மூட்டையாகக் கொட்டி, சீவி, மறுபடி உருட்ட வேண்டும். இழுத்த துணியை வெயில் வந்த பிறகும் எடுக்காமல் விட்டால் அடியில் புல் வெந்து மஞ்சளாகிவிடும். அதற்குள் பாதிக் கூட்டம் வீட்டுக்குப் போயிருக்கும். வேகவைத்த ஹாட் டாக் குப்பைக்கு, மணிக்கூலி மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். ஐந்து இன்னிங்ஸ் முடிந்துவிட்டால் வழக்கமாக டிக்கெட்டுக்கு மாற்றுத் தேதி கிடையாது. கணக்கில் அது "நடந்த ஆட்டம்". 66-ஆ 62-ஆ என்ற சண்டையில் இந்த ராத்திரி எங்கே வருகிறது?

தார்ப்பாய்:
66-இல் வருகிறது.

பச்சைச்சுவர்:
62-இல்.

கிரெய்ஞ்சர்வாசி:
66 தாங்காது என்கிறவர் அயோவாவின் கிளின்டனைப் பார்க்கட்டும். சுமார் 24,500 பேர். மிசிசிப்பி ஆற்றங்கரையில் 1937-இல் திறந்த மைதானம். 1956 முதல் 2020 வரை மிட்வெஸ்ட் லீகில் இருந்தது. அப்போது சொந்த ஊரில் எழுபது ஆட்டம். எழுபது! பக்கத்தில் பர்லிங்டனும் அப்படித்தான். ரசிகர் வராததால் அவை போகவில்லை, மேலிடம் பட்டியலிலிருந்து அடித்தது. இலினாயின் கேன் கவுன்ட்டியையும் சேர்த்தே அடித்தார்கள். அந்த லீகில் கூட்டம் அதிகம் வந்த அணிகளில் ஒன்று அது! கூட்டம்தான் காரணம் என்றால் கேன் கவுன்ட்டி ஏன் போனது? சொல்லுங்கள்.

தார்ப்பாய்:
கிளின்டன் ஊர்மக்களுக்குச் சொந்தமான, லாப நோக்கில்லாத அணி. தன்னார்வலர் உழைப்பில் நின்றது. அது ஊரின் பாசம். பாசத்தை மதிக்கிறேன். தரப் பட்டியல் பாசத்தைக் கேட்பதில்லை. இன்று கிளின்டன் கல்லூரி வீரர்கள் ஆடும் பிராஸ்பெக்ட் லீகில் இருக்கிறது. மே கடைசியில் தொடங்கி ஆகஸ்டில் முடியும், சொந்த ஊர் ஆட்டம் பாதிக்கும் கீழே. ஏப்ரல் குளிரும் இல்லை, பள்ளி நாளும் அதிகம் இல்லை. சின்ன ஊருக்குச் சரியான அளவு அது. இதைத்தான் முதலிலிருந்து சொல்கிறேன்.

பச்சைச்சுவர்:
முதலிலிருந்து சொன்னது "அணி எதற்கு" என்று. இப்போது "சரியான அளவு" என்கிறீர்கள். இங்கே முன்பு நடந்த மோபைல் விவாதத்திலும் இப்படித்தான் நழுவினீர்கள். அலபாமாவின் மோபைலில் ஒன்றேமுக்கால் லட்சத்துக்கும் மேல் ஆட்கள். 2019-ஓடு அணி போய்விட்டது. போன இடம் மேடிசன், அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. மக்கள்தொகைதான் எல்லாம் என்றால் இது எப்படி நடந்தது?

தார்ப்பாய்:
மேடிசன் ஹன்ட்ஸ்வில் என்ற பெரிய நகரை ஒட்டிய ஊர். வட்டம் போடுங்கள் என்றேனே. மோபைல் விவாதத்தில் நழுவவில்லை. கடைசிப் பதிவு என்னுடையதுதான், போய்ப் பாருங்கள்.

ஒன்பதாம் இன்னிங்ஸ்:
விஸ்கான்சினின் பெலாய்ட்டை யாரும் தொடவில்லை. 37,000-க்கும் கீழே. பழைய போல்மன் ஃபீல்டு மைதானத்தில் லீகின் மிகக் குறைந்த கூட்டங்களில் ஒன்று. 2021 ஆகஸ்டில் நகர நடுவில் புது மைதானம், 3,850 பேருக்கு இடம், செயற்கைப் புல். செயற்கைப் புல் என்பதால் கல்லூரி அணியும் அதிலேயே ஆடலாம், மழைக்குப் பிறகு களிமண் வேலையும் குறைவு. அதே ஊர், அதே மக்கள், அணி நிலைத்தது.

தார்ப்பாய்:
யார் காசு? ஹென்ட்ரிக்ஸ் குடும்பத்தின் காசு. அப்படி ஒரு கோடீஸ்வரர் ஊரில் இருந்தால் நானும் வாயை மூடிக்கொள்வேன். கின்ஸ்டனில் யார்?

கிரெய்ஞ்சர்வாசி:
ஸ்பார்டன்பர்க் 38,000-தான். அதுவும் சின்ன ஊர்தான். அங்கே போனது கூட்டத்தைத் தேடி இல்லை, புது மைதானத்தைத் தேடி. மைதானம் இருந்தால் கின்ஸ்டனும் தாங்கும்.

தார்ப்பாய்:
அது தென் கரோலைனாவின் கிரீன்வில் நகரின் பக்கம். வட்டம் போடுங்கள்.

கிரெய்ஞ்சர்வாசி:
கின்ஸ்டனுக்குப் பக்கத்திலும் ஒரு கிரீன்வில் இருக்கிறது! வட கரோலைனாவின் கிரீன்வில். பெரிய பல்கலைக்கழக ஊர். உங்கள் வட்டத்துக்கு அது மட்டும் தெரியவில்லையா?

தார்ப்பாய்:
தெரிகிறது. அந்தப் பல்கலைக்கழகத்துக்கே சொந்தமாக நல்ல பேஸ்பால் அணி இருக்கிறது. ஏப்ரல், மே மாதத்தில் அங்கத்திய ரசிகர் அதை விட்டுவிட்டுச் செவ்வாய்க்கிழமை உங்கள் ஊருக்குக் கார் ஓட்டி வருவாரா? 66-இல் எத்தனை ராத்திரி அப்படி வருவார் என்று எழுதுங்கள், மேலே பேசலாம்.

பச்சைச்சுவர்:
62.