ஹீட் ஃபில்டர்: 'வெப்ப வடிகட்டி' வேண்டாம், 'அனல் திருப்பி' ஆகட்டும்

அன்புள்ள குழுவினருக்கு,

மும்பை மாட்டுங்காவிலிருந்து வணக்கம். சினிமா புரொஜெக்டரில் விளக்கின் அனல் ஃபிலிமைத் தாக்காமல் காக்கும் கண்ணாடிதான் ஹீட் ஃபில்டர். நம் கலைச்சொல் பட்டியலுக்காக டெல்லி நண்பர் அதைப் பற்றி இப்படி எழுதியிருந்தார்:

> ஹீட் ஃபில்டர் = வெப்ப வடிகட்டி. நேராகப் புரிகிறது. இதையே பட்டியலில் சேர்த்துவிடலாமே?

டெல்லி நண்பர் மன்னிக்கவேண்டும், எனக்கு இதில் உடன்பாடில்லை. காபி வடிகட்டியிலிருந்து நமக்குக் கிடைப்பது காபி. அப்படியானால் வெப்ப வடிகட்டியிலிருந்து கிடைப்பது வெப்பமா? அதுகூடப் பரவாயில்லை, பழகிவிடும். என் கவலை வேறு. வடிகட்டி என்றதும் சக்கை அதிலேயே தங்கிவிடும் என்றுதான் மனம் நினைக்கும். இந்தக் கண்ணாடியில் அனல் தங்கினால் கண்ணாடியே போய்விடும்.

இங்கே ஒரு தியேட்டரின் கேபினில், அதாவது புரொஜெக்டர் அறையில், பல வருடம் உதவியாளாக இருந்தவன் நான். விளக்குப் பெட்டியான லாம்ப் ஹவுஸுக்கும், ஃபிலிம் ஒளியைக் கடந்து போகும் இடமான 'கேட்'டுக்கும் நடுவில் நிற்கும் அந்தக் கண்ணாடியை நாங்கள் 'ஹீட் கிளாஸ்' என்போம். அதில் இரண்டு வகை உண்டு. ஒன்று அனலைக் கொண்டுவரும் அகச்சிவப்புக் கதிரைத் தனக்குள் உறிஞ்சிக்கொள்ளும். சூடேறிக்கொண்டே இருக்கும் என்பதால் அதற்குக் காற்று வீசியாக வேண்டும். பெரிய கண்ணாடி விரியும்போது வெடிக்காமல் இருக்கப் பட்டை பட்டையாக வெட்டி அடுக்குவதும் உண்டு. இதை வேண்டுமானால் வடிகட்டி என்று சொல்லிக்கொள்ளலாம். இன்னொன்று மெல்லிய பூச்சு பூசியது. ஒளியை விட்டுவிட்டு அனலை வந்த வழியே திருப்பி அனுப்பும்.

இரண்டாவதுக்கு முன்பக்கம், பின்பக்கம் உண்டு. பூச்சு விளக்கைப் பார்த்து இருக்கவேண்டும். திருப்பி மாட்டினால் அனல் கண்ணாடியின் கனத்துக்குள் நுழைந்து, பூச்சில் மோதி, மறுபடியும் கண்ணாடி வழியாகவே வெளியேறும். எங்கள் கேபினில் புதுக் கண்ணாடி மாட்ட வந்தவர் அப்படித்தான் மாட்டினார். போதாததற்கு நான்கு திருகையும் இறுக்கிவிட்டார். இரண்டாவது காட்சியில் 'டிக்' என்று ஒரு சத்தம். ஒரு மூலையிலிருந்து எதிர் மூலை வரைக்கும் கீறல். கண்ணாடி விரிய இடம்விட்டு, சட்டத்தில் லேசாக ஆடும்படி வைக்கவேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

எந்தப் பக்கம் பூச்சு என்று கண்டுபிடிக்க எங்கள் ஆபரேட்டர் காட்டிய வழி: கண்ணாடி ஆறியிருக்கும்போது, விரல் படாமல் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, பென்சில் முனையை மெல்ல அதில் வைத்துச் சாய்வாகப் பாருங்கள். பூச்சின் நிறம் கலந்த பிம்பம் ஒன்று தெரியும். முனையும் பிம்பமும் ஒட்டிக்கொண்டிருந்தால் அது பூச்சுப் பக்கம். நடுவில் இடைவெளி இருந்தால் மறுபக்கம்.

அதனால் என் முன்மொழிவு: பூச்சு வகைக்கு அனல் திருப்பி, மற்றதற்கு அனல் உறிஞ்சி, இரண்டுக்கும் பொதுவாக அனல் தடுப்பி. 'திருப்பி' என்று பெயரிலேயே இருந்தால், எதை நோக்கித் திருப்புவது என்ற கேள்வி மாட்டுகிறவருக்குத் தானாக வரும். 'வெப்பம்' என்பதைவிட 'அனல்' ஏன் என்றால், அடுப்புக்கு எதிரே நின்றால் தொடாமலே முகத்தில் அடிப்பதைத்தான் நாம் அனல் என்கிறோம். விளக்கிலிருந்து ஃபிலிமுக்கு வருவதும் அதுதான்.

அப்புறம், 'கோல்ட் மிரர்' என்பதற்குச் சிலர் 'குளிர் ஆடி' என்று எழுதியிருந்தார்கள். விளக்குக்குப் பின்னால் இருக்கும் அந்தக் குழியாடியில் குளிர் எதுவும் இல்லை. ஒளியை முன்னே அனுப்பி, அனலைத் தன் வழியாகப் பின்னால் போகவிடுகிறது. அனல்விடு ஆடி என்றால் போதும்.

> இப்போது எல்லாம் டிஜிட்டல். இந்தச் சொல் யாருக்கு?

பழைய பிரதிகளை இன்னும் 35 மி.மீ. சுருளில் ஓட்டும் திரைப்படச் சங்கங்களுக்கு. அவர்களுக்குத்தான் இது அதிகம் தேவை. வண்ணச் சாயம் அகச்சிவப்பைப் பெரும்பாலும் விட்டுவிடும். கறுப்பு வெள்ளைச் சுருளில் இருக்கும் வெள்ளித் துகள் அதை வாங்கிக்கொள்ளும். கேட்டில் ஃபிலிம் சூடாகி வளையும், திரையில் கூர்மை போய்ப்போய் வரும். அந்தப் பிரதி கெட்டால் வேறொன்றுக்கு எங்கே போவது?

---

பெங்களூரிலிருந்து ஒரு கேள்வி, ஐயா. சொற்கள் பிடித்திருக்கின்றன. ஆனால் புணர்ச்சி விதிப்படி 'அனற்றிருப்பி' என்றல்லவா வரவேண்டும்?

---

விதிப்படி நீங்கள் சொல்வது சரிதான் அம்மா. கல்லும் தூணும் சேர்ந்தால் 'கற்றூண்'. ஆனாலும் இன்று எல்லோரும் 'கல் தூண்' என்றுதான் எழுதுகிறோம். 'அனற்றிருப்பி' என்று எழுதினால் கேபினில் இருப்பவர் எழுத்துக்கூட்டித்தான் படிக்கவேண்டும். பிரித்தே எழுதுவோம்.

ஞாயிறன்று இங்கே ஒரு சங்கத்தின் புரொஜெக்டரில் புதுக் கண்ணாடி மாட்டப்போகிறேன். சட்டத்தின் ஓரத்தில் 'அனல் திருப்பி: பூச்சு விளக்குப் பக்கம்' என்று எழுதி ஒட்டிவிடுகிறேன். வேறு சொல் தோன்றினால் சனிக்கிழமைக்குள் எழுதுங்கள்.