பழைய கேம் திறக்கவில்லை, சப்போர்ட்டுக்கு எழுதும்முன் என்னென்ன எடுத்து வைக்க வேண்டும்?

தோட்டத்துப் பெண்:
வணக்கம், நாங்கள் சுங்கை சிப்புட் பக்கம். அப்பா தோட்டத்தில் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். 2000 வாக்கில் ஈப்போவில் வாங்கிய ஒரு போர் விளையாட்டு சிடியை இன்னும் பெட்டியோடு பத்திரமாக வைத்திருக்கிறார். மின்னல் வெட்டியதில் பழைய கணினி போய்விட்டது, ஹார்ட் டிஸ்க்கை மட்டும் கழற்றி வைத்திருக்கிறோம். இப்போது இருப்பது விண்டோஸ் 11 லேப்டாப், வெளி டிரைவில் சிடியைப் போட்டால் இன்ஸ்டால் ஆகிறது, ஆனால் ஐகானைத் தட்டினால் சுட்டி கொஞ்சம் சுழன்று அப்படியே அடங்கிவிடுகிறது, எரர் எதுவும் வருவதில்லை. டவுனில் கணினிக் கடைக்காரர் புது கேம் வாங்கச் சொல்கிறார், அப்பாவுக்கு இதுதான் வேண்டும். கம்பெனிக்கு மெயில் எழுதப் போகிறேன், என்னென்ன போடலாம்?

கிந்தா அண்ணன்:
தங்கச்சி, முதல் மெயிலிலேயே எல்லாவற்றையும் போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் விண்டோஸ் எது, கிராபிக்ஸ் கார்டு எது என்று ஒவ்வொன்றாகக் கேட்டே நாள் ஓடிவிடும். விண்டோஸ் பொத்தானோடு ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள், வரும் சின்னப் பெட்டியில் டி, எக்ஸ், டி, ஐ, ஏ, ஜி என்று தட்டினால் கணினியின் விவரம் முழுக்க வரும், அதை டெக்ஸ்ட் கோப்பாகச் சேமிக்கக் கீழேயே பொத்தான் இருக்கிறது. கணினியின் பெயரும் அதில் இருக்கும், அனுப்பும்முன் படித்துப் பாருங்கள். அப்புறம் பிழைகளை விண்டோஸ் குறித்து வைக்கும் ஈவென்ட் வியூவரில் அப்ளிகேஷன் பகுதிக்குப் போய், கேமைத் தட்டிய நேரத்தில் சிவப்புக் குறி விழுந்திருக்கிறதா பாருங்கள். இருந்தால் சொந்த வார்த்தையில் சொல்லாமல் அப்படியே நகலெடுத்து ஒட்டுங்கள். பெட்டியையும் சிடியையும் படம் எடுத்து இணையுங்கள், சீரியல் எண்ணை மட்டும் இங்கே போட்டுவிடாதீர்கள்.

கூலிம் செல்வி:
அண்ணன் சொன்னது சரி, ஆனால் மெயிலுக்கு முன் சிடியைத் திறந்து உள்ளே 00000001.டிஎம்பி என்ற கோப்பு இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது சேஃப்டிஸ்க் என்ற, நகலெடுப்பதைத் தடுக்கும் பூட்டு போட்ட சிடி. அந்தப் பூட்டுக்கு வேண்டிய டிரைவர் என்ற துணை மென்பொருளை 2015-இல் வந்த விண்டோஸ் 10 முதல் மைக்ரோசாஃப்ட் பாதுகாப்புக் காரணத்தால் ஏற்பதில்லை. அதனால் இன்ஸ்டால் ஆகும், ஓடாது, எத்தனை முறை அழித்துப் போட்டாலும் இதே கதைதான்.

தோட்டத்துப் பெண்:
இருக்கிறது அக்கா! அப்படியானால் கம்பெனியிடம் என்ன கேட்பது?

கூலிம் செல்வி:
"ஏன் திறக்கவில்லை" என்று கேட்காதீர்கள், காரணத்தை நீங்களே எழுதிவிடுங்கள். சிடி இல்லாமல் ஓட அவர்களே வெளியிட்ட பேட்ச், அதாவது திருத்தக் கோப்பு உண்டா, அசல் சிடி வைத்திருப்பவருக்கு டிஜிட்டல் பதிப்பாக மாற்றித் தருவார்களா, இந்த இரண்டையும் நேராகக் கேளுங்கள். கண்ட தளத்திலிருந்து பூட்டை உடைக்கும் கிராக் கோப்பை இறக்காதீர்கள், அப்பாவின் வங்கிக் கணக்கும் அதே லேப்டாப்பில்தான் இருக்கும்.

கிந்தா அண்ணன்:
பழைய ஹார்ட் டிஸ்க்கில் அப்பா சேமித்த ஆட்டங்களையும் மறந்துவிடாதீர்கள். பழைய கணினியில் இருந்தது விண்டோஸ் எக்ஸ்பி என்றால் பெரும்பாலும் கேம் ஃபோல்டருக்குள்ளேயே இருக்கும். விஸ்டா, 7 என்றால் பயனர் ஃபோல்டரில் ஆப்டேட்டா, லோக்கல், அதற்குள் வர்ச்சுவல்ஸ்டோர் என்று ஒரு இடத்தில் ஒதுங்கியிருக்கும். முதலில் ஒரு நகல் எடுத்து வைத்துவிட்டு மெயிலை அனுப்புங்கள்.