எச்சரிக்கை எங்கே சிக்கிக்கொள்கிறது? வட்டாரப் பேரிடர்த் தகவல் பகிர்வில் கண்டதைப் பகிருங்கள்

தெம்பனிஸ்வாசி:
சோதனைத் தரவில் சென்னைக்கு ஒரு வெள்ள எச்சரிக்கை. திரையில் பார்த்தால் அந்தப் பரப்பு ஸ்வால்பார்டு தீவுகளை ஒட்டி ஆர்க்டிக் கடலில் கிடக்கிறது. கேப் வடிவம், அதாவது எச்சரிக்கைச் செய்திகளைக் கணினிகள் பரிமாறிக்கொள்ளும் பொது வடிவம், இங்கே எல்லாருக்கும் தெரிந்ததுதான், நேரே காரணத்துக்கு வருகிறேன். கேப்பில் முதலில் அட்சரேகை, பிறகு தீர்க்கரேகை. வரைபடத் தரவு வடிவமான ஜியோஜேசனில் தலைகீழ். மாற்றும் நிரல் இதைத் திருப்பாமல் விட்டால் 13.08, 80.27 என்பது 80.27 வடக்கு, 13.08 கிழக்கு ஆகிவிடும்.

ஆசியான் தரவை மட்டும் வைத்துச் சோதிப்பவர்கள் இதைப் பார்க்கவே மாட்டார்கள். தீர்க்கரேகை சிங்கப்பூருக்கு 103.8, ஜகார்த்தாவுக்கு 106.8, யாங்கோனுக்கு 96.2. அட்சரேகை 90ஐத் தாண்டாது என்பதால் மென்பொருள் உடனே பிழை காட்டும். சிலது பிழையும் காட்டாது, பரப்பை உதறிவிட்டு வெறும் எழுத்தை மட்டும் அனுப்பும். கொழும்பு, சென்னை என்று வரும்போது சத்தமில்லாமல் தவறான இடத்தில் விழும். ஆகவே சோதனையில் கொழும்பு ஒன்று, ஜகார்த்தா ஒன்று கட்டாயம் வையுங்கள். ஜகார்த்தா எதற்கு என்றால், அது நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே இருப்பதால் அட்சரேகையின் எதிர்க்குறி விடுபடுகிறதா என்று தெரிந்துவிடும்.

வட்டத்திலும் ஒரு சிக்கல். கேப்பில் ஆரம் கிலோமீட்டரில். இணைய வரைபடம் வரையும் லீஃப்லெட் நூலகம் மீட்டரில் எடுத்துக்கொள்ளும். 5 கிலோமீட்டர் ஆபத்து வட்டம் 5 மீட்டராகிப் போனால் வரைபடத்தில் அது கண்ணுக்கே படாது.

அலைவரிசை:
இடம் சரி, நேரம்? 2025 மார்ச் 28 மியன்மார் நிலநடுக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மாண்டலேயில் 12:50, பாங்காக்கில் 13:20, சிங்கப்பூரில் 14:20. மூன்றும் ஒரே கணம். '14:30 நிலவரம்' என்று தலைப்பிட்டு, எந்த ஊர் நேரம் என்று போடாத ஓர் அறிக்கை வந்தால் என்ன செய்வீர்கள்? சிங்கப்பூர் நேரம் என்றால் நிலம் குலுங்கிப் பத்தே நிமிடத்தில் எழுதியது, அதில் சேதக் கணக்கு இருக்கவே முடியாது. மியன்மார் நேரம் என்றால் ஒரு மணி நாற்பது நிமிடம் கழித்து எழுதியது. முன்னதை ஒதுக்கலாம், பின்னதை வைத்து ஆளை அனுப்பலாம்.

மியன்மாரின் +06:30ஐப் பட்டியலில் வைக்காத படிவங்கள் உண்டு, முழு மணி மட்டும்தான் இருக்கும். கேப் 1.2 இதில் கறார்: நேர வித்தியாசத்தை எண்ணில்தான் எழுத வேண்டும், கடைசியில் 'இசட்' எழுத்து போடக்கூடாது, உலக நேரம் என்றால் -00:00. பெரும்பாலான நிரல் நூலகங்கள் தாமாகவே 'இசட்' போட்டுவிடும். கறாரான பெறுநர் அந்தச் செய்தியைத் திருப்பி அனுப்பிவிடுவார், அனுப்பியவருக்கு அது தெரியவே தெரியாது.

கரைகாவல்:
அனுப்பியதை எப்படித் திரும்பப் பெறுவது என்பதை யாரும் யோசிப்பதில்லை. ஹவாய், 2018 ஜனவரி 13. ஏவுகணை வருகிறது என்ற பொய் எச்சரிக்கை கைப்பேசிகளுக்குப் போய்விட்டது. அதே வழியில் 'அப்படி ஒன்றும் இல்லை' என்று சொல்ல 38 நிமிடம். தவறான பொத்தானை அழுத்திவிட்டார் ஒருவர், சரி. மறுப்புச் செய்திக்கு வார்ப்புரு தயாராக இல்லையே, அதை என்ன சொல்வது?

வார்ப்புரு வைக்கும்போதே ஒவ்வோர் எச்சரிக்கைக்கும் ரத்துச் செய்தியை ஜோடியாக வையுங்கள். கேப்பில் ரத்து, புதுப்பிப்பு இரண்டும் பழைய செய்தியைச் சுட்ட வேண்டும்: அனுப்புநர், அடையாளம், அனுப்பிய நேரம், மூன்றையும் காற்புள்ளியிட்டுச் சேர்த்து. அதனால்தான் அடையாளத்தில் காற்புள்ளியோ இடைவெளியோ இருக்கக்கூடாது என்கிறார்கள். அலைவரிசை சொன்ன நேரக் கோளாறு இங்கேயும் கடிக்கும். இடையில் உள்ள ஒரு கணினி +06:30ஐ +08:00 ஆக 'திருத்தி' வைத்தால் கணம் ஒன்றுதான், எழுத்து வேறு. எழுத்தை ஒப்பிடும் பெறுநருக்கு அது பழைய செய்தியின் ரத்து என்று புரியாது. பழைய எச்சரிக்கை திரையில் அப்படியே நிற்கும்.

உட்லண்ட்ஸ்காரர்:
கரைகாவல் அண்ணே, 'தவறான பொத்தான்' என்று சுருக்காதீர்கள். அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணைய விசாரணையில் வந்தது வேறு. பயிற்சிக்காக ஒலித்த பதிவின் முதலிலும் கடைசியிலும் 'பயிற்சி, பயிற்சி, பயிற்சி' என்றிருந்தது, நடுவில் 'இது பயிற்சி அல்ல' என்ற வாசகமும் இருந்தது. அந்த ஊழியர் உண்மை என்றே நம்பியதாகச் சொன்னார். பயிற்சி வாசகத்தை எழுதியவரையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

பயிற்சியா இல்லையா என்பதை உரையில் மட்டும் சொல்லவே கூடாது. கேப்பில் நிலை என்ற புலமே அதற்குத்தான்: உண்மை, பயிற்சி, கணினி, சோதனை, வரைவு. பயிற்சி என்றால் குறிப்புப் புலத்தில் அந்தப் பயிற்சியின் அடையாளத்தையும் போட வேண்டும். வாங்கும் பக்கம் அந்தப் புலத்தைப் படித்துத் திரையின் நிறத்தை மாற்றினால்தான் பயன். நம் சிங்கப்பூரில் முழுமைத் தற்காப்பு தினத்தில், பிப்ரவரி 15 மாலை 6:20க்குச் சங்கு ஒலிக்கும்போது யாரும் ஓடுவதில்லை. நாளும் மணியும் எல்லாருக்கும் முன்பே தெரியும். பல நாடுகள் சேரும் பயிற்சியில் அந்த முன்னறிவு கிடையாது. ஜகார்த்தாவிலுள்ள ஆசியான் பேரிடர் ஒருங்கிணைப்பு மையமான ஆஹா மையத்தில் இரவுப் பணிக்கு அப்போதுதான் வந்து உட்கார்ந்தவருக்குத் திரையில் இருப்பது மட்டும்தான் தெரியும்.

பொங்கோல்_7:
இவ்வளவு எதற்கு? களத்தில் எல்லாரும் வாட்ஸ்அப்தான் பார்க்கிறார்கள். புதுத் தளம் திறந்தால் அங்கேயும் தட்ட வேண்டும், இங்கேயும் தட்ட வேண்டும். இரட்டை வேலை என்றால் இரண்டாவது நாளே கைவிடுவார்கள்.

களப்பை:
பொங்கோல்_7, இரட்டை வேலை என்பது நூற்றுக்கு நூறு சரி. வாட்ஸ்அப் போதும் என்பதை ஏற்க முடியாது. இடிந்த கட்டடத்தின் படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அதிலுள்ள இடக்குறிப்பு அழிந்துபோகும். கோப்பாக அனுப்பினால்தான் நிற்கும். படம் பத்துக் குழுக்களில் சுற்றும், எந்தத் தெரு என்று யாருக்கும் தெரியாது.

தேடல் மீட்புக் குழுக்கள், பன்னாட்டுத் தேடல் மீட்பு ஆலோசனைக் குழுவான இன்சராக்கின் படிவங்களைச் சர்வே123 செயலியில் நிரப்புகின்றன. அதில் சிக்குவது அனுப்பும் பெட்டி. இணைப்பு இல்லாத இடத்தில் நிரப்பினால் படிவம் அந்தப் பெட்டியில் தங்கும். 'முடித்துவிட்டேன்' என்று நினைத்து அடுத்த கட்டடத்துக்குப் போய்விடுவார்கள். ஒருங்கிணைப்புக் கூடத்துக்கு அந்தக் கட்டடம் இன்னும் பார்க்காததுதான்; இன்னொரு நாட்டுக் குழுவை மறுபடி அங்கேயே அனுப்புவார்கள். முகாமுக்குத் திரும்பியதும் பெட்டியின் எண்ணிக்கை சுழியமா என்று குழுத்தலைவர் ஒவ்வொரு கைப்பேசியாகப் பார்க்க வேண்டும்.

படத்தின் அளவையும் கவனியுங்கள். பிஜிஏஎன் செயற்கைக்கோள் கருவியின் உச்ச வேகம் நொடிக்கு 492 கிலோபிட், அதுவும் பகிர்ந்துகொள்வது. 5 எம்பி படம் ஒன்றுக்கே குறைந்தது 81 நொடி. முப்பது படம் வரிசையில் நின்றால் அவற்றின் பின்னால் வரும் எழுத்துப் படிவமும் நிற்கும். படிவத்தின் அமைப்பில் படத்தின் நீளப்பக்கத்தை 1024 புள்ளிக்குக் குறையுங்கள். விரிசல் எங்கே என்று காட்ட அது போதும்.

இன்னொன்று, யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். கருவி வாங்கும் பணத்தில் மின்சாரத்துக்கும் ஒதுக்குங்கள். மின்னூட்டி, நீட்டிப்பு வயர், அந்நாட்டு பிளக் மாற்றி எல்லாம் பெட்டியில் இருக்கிறதா என்று புறப்படும் முன் ஒருவர் கையெழுத்திட வேண்டும்.

மணற்கேணி:
எல்லாரும் அதிகாரிகளின் திரையைப் பற்றியே பேசுகிறீர்கள். துவாஸ் தங்குவிடுதியில் இருக்கும் வெளிநாட்டு ஊழியருக்குத் தமிழில் செய்தி எப்படிப் போய்ச் சேரும்?

ஆங்கில எஸ்எம்எஸ் ஒன்றுக்கு 160 எழுத்து. தமிழ் கலந்தவுடன் 70 குறி. அதுவும் நாம் எண்ணும் எழுத்து அல்ல. புள்ளி, கொம்பு, சுழி எல்லாம் தனித்தனிக் குறி. 'தமிழ்' நமக்கு மூன்றெழுத்து, கணினிக்கு ஐந்து குறி. 70ஐத் தாண்டினால் துண்டாகும், துண்டுக்கு 67தான். நெரிசல் நேரத்தில் ஒரு துண்டு வராவிட்டால் 'வெளியேற' என்பது வந்து 'வேண்டாம்' என்பது வராமல் போகலாம். கோபுரத்திலிருந்து எல்லாக் கைப்பேசிக்கும் ஒரே நேரத்தில் அனுப்பும் கோபுர ஒலிபரப்பு முறையில் நெரிசல் பிரச்சினை இல்லை, ஆனால் அங்கேயும் ஒரு பக்கத்துக்கு 82 பைட், தமிழுக்கு 41 குறிக்குள்.

எனவே செயலை முதலில் எழுதுங்கள். 'நச்சுப் புகை. கதவு, ஜன்னலை மூடவும்.' இது 35 குறி. பின்னால் 'வெளியே வர வேண்டாம்.' சேர்த்தாலும் 55தான், ஒரே எஸ்எம்எஸ். இதையே 'பொதுமக்களின் கவனத்திற்கு' என்று தொடங்கினால் மூன்றில் ஒரு பங்கு இடம் அதற்கே போய்விடும்.

அலைவரிசை:
மணற்கேணி, 35 என்று எந்தக் கருவியில் எண்ணினீர்கள்? 'கொ' என்பதைச் சில விசைப்பலகை இரண்டு குறியாகவும் சில மூன்றாகவும் பதிக்கிறதே.

மணற்கேணி:
அந்த வாக்கியத்தில் ஒகர, ஓகார எழுத்து எதுவும் இல்லை, எனவே எதில் எண்ணினாலும் 35தான். மற்றபடி நீங்கள் சொல்வது சரி. கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும், தேடினால் 'கொழும்பு' கிடைக்காது. தளத்துக்குள் வரும் எழுத்தையெல்லாம் சேமிக்கும் முன் யூனிகோட் 'என்எஃப்சி' வடிவுக்கு, அதாவது ஓர் எழுத்துக்கு ஒரே குறிவரிசை என்ற வடிவுக்கு, மாற்றிவிடுங்கள். அதற்குப் பிறகு எண்ணுங்கள், முன்னால் எண்ண வேண்டாம்.