பொருள்: ஸ்ட்ரைடர் – 'இழுப்பு' வேண்டாம், 'தொண்டைக்கீச்சு' சரிவருமா?

அனைவருக்கும் வணக்கம்.

தற்கொலைக்கு முயன்று கழுத்துக் காயத்தோடு வருபவர்களைக் கவனிப்பது பற்றிச் செவிலியர்களுக்கு ஒரு கையேடு எழுதிவருகிறேன். தொண்டைப் பகுதியில் மூச்சுப்பாதை குறுகும்போது கேட்கும் ஓசையான ஸ்ட்ரைடருக்கு (stridor) என்ன தமிழ்ச் சொல் வைக்கலாம் என்ற நம் உரையாடல் இழையில் வந்த 'இழுப்பு', 'இரைப்பு' இரண்டையும் என்னால் ஏற்க முடியவில்லை.

இழுப்பு, இரைப்பு என்றதும் ஆஸ்துமாதான் நினைவுக்கு வரும். அது நெஞ்சுக்குள் இருக்கும் சிறு மூச்சுக்குழல்கள் சுருங்குவதால், பெரும்பாலும் மூச்சை வெளியே விடும்போது கேட்பது. ஸ்ட்ரைடர் குரல்வளையோ அதை ஒட்டிய பெரிய மூச்சுப்பாதையோ குறுகுவதால் வருகிற கூரிய ஓசை. கட்டிலருகே நின்றாலே காதில் விழும், ஸ்டெதாஸ்கோப் தேவையில்லை. குறிப்பேட்டில் 'இழுப்பு' என்று எழுதிவைத்தால், அடுத்த முறைப் பணிக்கு வரும் செவிலியர் ஆஸ்துமா மருந்தை நெபுலைசரில் (மருந்தை ஆவிபோல மூச்சில் தரும் கருவி) வைத்துவிட்டு நகர்ந்துவிடுவார். இங்கே செய்ய வேண்டியது மூச்சுப்பாதையைக் காக்க மயக்கவியல் மருத்துவரை உடனே கூப்பிடுவது. ஒரு சொல் தவறினால் நேரம் போய்விடும்.

ஓர் இரவுப் பணி இன்னும் மனதில் நிற்கிறது. வந்தபோது அந்தப் பெண் தெளிவாகத்தான் பேசினார். வெளிக்காயமும் பெரிதாக இல்லை. கண் வெள்ளையில் மட்டும் ஊசிமுனை அளவில் சில இரத்தப் புள்ளிகள். சில மணி நேரம் கழித்து எச்சில் விழுங்க வலிக்கிறது என்றார். அப்புறம் குரல் கம்மியது. விடியும் முன் அந்த மெல்லிய கீச்சு. உள்ளே வீக்கம் அப்படித்தான், தாமதமாக வரும். அதனால்தான் வந்தவுடன் நன்றாக இருப்பவரையும் தொடர்ந்து கவனிக்கச் சொல்கிறோம். கழுத்து இரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்திருக்கிறதா என்று பார்க்க சிடி ஆஞ்சியோ (இரத்தக்குழாய்களைக் காட்டும் ஸ்கேன்) எடுப்பதும் இதே எச்சரிக்கையால்தான்.

சரி, சொல்லுக்கு வருகிறேன். 'உள்மூச்சுக் கீச்சு' அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் குறுகிய இடத்தைப் பொறுத்து, மூச்சை விடும்போதும் இந்த ஓசை கேட்கும். 'மிடற்றொலி' என்றால் எழுத்துகளின் பிறப்பைப் பற்றிய பாடம் போல ஒலிக்கிறது. 'குரல்வளைக் கீச்சு' என்றால் மூச்சுக்குழலின் மேற்பகுதி விடுபட்டுப்போகிறது. நம் வழக்கில் தொண்டை என்பது கழுத்தின் முன்பக்கம் முழுவதையும் குறிக்கும். நெஞ்சில் கேட்பது இழுப்பு, தொண்டையில் கேட்பது கீச்சு என்று ஒரே மூச்சில் சொல்லிக்கொடுத்துவிடலாம். ஆகவே என் தேர்வு 'தொண்டைக்கீச்சு'. ட்விட்டர் பதிவுக்குக் கீச்சு என்று முன்பே புழங்கிவிட்டோமே என்று கேட்பீர்கள். பறவையின் ஓசைக்கு இருந்த சொல்தானே அதுவும்? தொண்டையோடு சேர்ந்து வரும்போது யாரும் குழம்ப மாட்டார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இழையில் ஒருவர் 'தோல்வியுற்ற தற்கொலை' என்று எழுதியிருந்தார். கையேட்டில் அது வேண்டவே வேண்டாம். உயிர் பிழைத்து வந்தவரைத் தோற்றவர் என்று எழுதக் கூடாது. 'தற்கொலைக்கு முயன்று பிழைத்தவர்' என்றே எழுதியிருக்கிறேன். கழுத்தைப் பார்க்கும் அதே கை அவர் பக்கத்தில் உட்காரவும் வேண்டும், அவரைத் தனியே விடக் கூடாது, மனநல மருத்துவர் பார்க்காமல் வீட்டுக்கு அனுப்பக் கூடாது என்றும் சேர்த்திருக்கிறேன்.

எனக்கு இன்னும் தீராதது ஒரு வினைச்சொல். மூச்சுப்பாதை ஏறக்குறைய அடைபட்டுவிட்டால் காற்றோட்டம் குறைந்து ஓசையும் மங்கிவிடும். அதை 'கீச்சு தணிந்தது' என்றோ 'அடங்கியது' என்றோ எழுதினால், காய்ச்சல் தணிந்தது போல, தேறிவிட்டார் என்று படிப்பவர் எண்ணிவிடுவார். இப்போதைக்கு 'கீச்சு கேட்கவில்லை. மூச்சு எண்ணிக்கை, ஆக்சிஜன் அளவு, விழிப்புநிலை பார்க்கவும்' என்று எழுதிவைத்திருக்கிறேன். நலமடைந்ததாகத் தொனிக்காத வேறு வினைச்சொல் யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.