கார் வாங்கச் சொல்லுற சட்டமும் எங்கட பி2 பார்க்கிங்கும்

ஸ்காபரோவில இருந்து:

2023 டிசம்பரில இஞ்ச கனடாவில ஒட்டாவா அரசாங்கம் சட்டம் கொண்டு வந்தது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். விக்கிற புதுக்காரில 2026 இல 20 வீதம், 2030 இல 60, 2035 இல நூறு வீதமும் புகையில்லாத கார் எண்டு. எப்பிடியும் மாறத்தானே வேணும், அரசாங்கம் 5000 டொலர் தாற நேரத்திலயே மாறுவம் எண்டு 2024 வசந்தத்தில மின்சாரக் கார் ஒண்டு வாங்கினனான். காரில ஒரு குறையும் சொல்லமாட்டன்.

நான் இருக்கிறது கொண்டோவில, 14ஆம் மாடி. கார் நிக்கிறது நிலத்துக்குக் கீழ பி2. என்ர இடத்துக்குப் பக்கத்துத் தூணில துப்புரவுக்காரர் மெசின் குத்துறதுக்கு ஒரு சாதாரண 120 வோல்ற் பிளக் இருந்தது. முதல் ரெண்டு கிழமை இரவில அதில குத்தினன். மணித்தியாலத்துக்கு ஆறேழு கிலோமீற்றர்தான் ஏறும். ஆனால் பத்து மணித்தியாலம் நிண்டால் அறுபது கிலோமீற்றர், மார்க்கம் நகரத்துக்கு வேலைக்குப் போய் வரத் தாராளம். மூண்டாம் கிழமை போய்ப் பாத்தால் பிளக்குக்கு மூடி, மூடிக்குப் பூட்டு. கதவுக்குக் கீழால கடிதம்: பொது மின்சாரத்தைத் தனிப்பட்ட தேவைக்குப் பாவிக்கக் கூடாது. அதில பிழையும் சொல்லேலாது, அயலட்டையின்ர மெயின்ரனன்ஸ் காசுதானே.

சரி, முறைப்படி கேப்பம் எண்டு எழுதிக் குடுத்தன். எங்கட ஒன்ராறியோ மாகாணத்தில 2018 இலயே கொண்டோ விதியை மாத்தினவை, நிர்வாகம் சும்மா மறுக்கேலாது. மறுக்கவும் இல்லை. செலவு உம்மட தலையில எண்டிச்சினம். எலக்ட்ரீசியன் வந்து மின்சார அறையில இருந்து என்ர தூண்மட்டும் ரேப் பிடிச்சு அளந்தார். ஏறக்குறைய எண்பது மீற்றர், நடுவில ரெண்டு கொங்கிரீற் சுவர். ஒன்பதாயிரம் டொலருக்கு மேல சொன்னார். போகேக்க திரும்பி நிண்டு, "அண்ணை, உங்களுக்கு ஒண்டு போட்டுத் தரலாம். உங்களைப் பாத்துப் பத்துப் பேர் கேட்டால் இந்தக் கட்டிடம் தாங்காது" எண்டிட்டுப் போனார்.

பிறகென்ன, மோலில இருக்கிற வேக சார்ஜர்தான். சனவரியில ஒரு காலமை மைனஸ் 18. எனக்கு முன்னால ரெண்டு கார், ஒண்டில ஓட்டுநர் சீற்றைச் சாய்ச்சு நித்திரை. என்ர முறை வந்து குத்தினால் திரையில 28 கிலோவாற் எண்டு காட்டுது. கோடையில அதே இயந்திரம் நூறுக்கு மேல தந்தது. பற்றறி குளிரில விறைச்சுப் போச்சுது, கரண்டை வாங்குதில்லை. பிளேன்ரீ போத்தலோட ஒன்றரை மணித்தியாலம். வீட்ட போக மனிசி கேட்டா, "கார் வாங்கினனீங்களோ, மோலுக்குக் காவல் வேலைக்குப் போனனீங்களோ?"

ஏஜக்ஸில சொந்த வீட்டில இருக்கிற நண்பருக்கு உந்தப் பிரச்சினை ஒண்டும் இல்லை. 2023 இல வந்த இரவுக் கட்டணத்தில பதினொரு மணிக்குப் பிறகு யூனிட், துவங்கேக்க 2.4 சதம். கராஜில குத்திப்போட்டுப் படுக்கிறார். நான் மோலில குடுக்கிறதை அவருக்குச் சொல்லவே வெக்கமாக் கிடக்கு. கார் விக்கிறவனுக்கு இத்தனை வீதம் எண்டு சட்டம் போட்டவை, பழைய கட்டிடத்துக்குப் பிளக் வைக்கிறதை ஆருக்கும் கட்டாயமாக்கேல்லை. 2025 செப்ரெம்பரில பிரதமர் கார்னி 2026 இன்ர இலக்கை நிப்பாட்டி வைச்சவர். அதுவும் அமெரிக்கத் தீர்வையால கார் கொம்பனியள் கஷ்டப்படுகுது எண்டு. எங்கட பி2 ஐ ஆரும் நினைக்கேல்லை.

உங்கட பக்கம் எப்பிடி?

ஒஸ்லோவில இருந்து:

தம்பி, இஞ்ச தடையெண்டு ஒண்டும் இல்லை. 2025 இல இருந்து விக்கிற புதுக்கார் எல்லாம் புகையில்லாததா இருக்கோணும் எண்டது ஒரு இலக்கு மட்டும்தான். ஆனால் பெற்றோல் காருக்கு வரி கழுத்தை நெரிக்கும், மின்சாரக் காருக்கு 2001 இல இருந்து 25 வீத வற் வரி இருக்கேல்லை. விலையுயர்ந்த காருக்கு 2023 இல இருந்து கொஞ்சம் அறவிடத் துவங்கினவை. ஆரும் சட்டத்துக்குப் பயந்து வாங்கேல்லை, கணக்குப் பாத்து வாங்கினவை. 2024 இல வித்த புதுக்காரில பத்துக்கு ஒன்பது மின்சாரம்.

உங்கட எலக்ட்ரீசியன் சொன்னது முழுக்கச் சரியில்லை. நாங்களும் இஞ்ச குறூருடாலன் எண்ட பகுதியில பழைய அடுக்குமாடிதான். நிர்வாகம் சேர்ந்து ஒரு பெரிய வயரைப் பார்க்கிங் முழுக்க இழுத்து, ஒவ்வொரு இடத்துக்கும் அதில இருந்து பிரிச்சது. நாற்பது கார் குத்தினாலும் இருக்கிற கரண்டை இயந்திரமே பங்கு போட்டுக் குடுக்கும். பின்னேரம் எல்லாரும் சமைக்கேக்க குறைக்கும், சாமம் ரெண்டு மணிக்குக் கூட்டும். காலமை ஏழு மணிக்கு நிரம்பியிருந்தால் காணும்தானே. தனித்தனியாப் போட்டால்தான் ஒன்பதாயிரம் வரும்.

குளிருக்கு ஒண்டு செய்து பாருங்கோ. வேக சார்ஜருக்குப் போக முதல் அந்த இடத்தைக் காரின்ர வழிகாட்டியில போடுங்கோ. கனக்கக் கார் போற வழியிலேயே பற்றறியைச் சூடாக்கும். நான் வீடு வீடாப் போய் ஆக்களைப் பராமரிக்கிற வேலை, நாள் முழுக்கக் காரில ஏறி இறங்கிற ஆள். இது தெரியாமல் முதல் வின்ரர் முழுக்கக் காரைத் திட்டினனான். அதுக்காக எல்லாம் சுகமெண்டு சொல்லமாட்டன், ஈஸ்ரர் லீவில பேர்கன் போற வழியில கெய்லோவில வரிசையில நிண்டு பிள்ளையளோட பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

லண்டன் ஈஸ்ற்ஹாமில இருந்து:

ஒஸ்லோ அக்கா சொல்லுற பார்க்கிங்கே எங்களுக்கு இல்லை. தொடர் வீடு, கதவைத் திறந்தால் நடைபாதை. ஜன்னலால வயர் விட்டன், ரப்பர் மூடியும் போட்டன். ஆரோ கவுன்சிலுக்கு அறிவிச்சு கடிதம் வந்தது. வீட்டுக் கரண்டுக்கு 5 வீத வற், ரோட்டில ஏத்தினால் 20 வீதம். வீட்டில டிரைவ்வே இல்லாதவனுக்குத்தான் கூட வரி! கார் கொம்பனிக்கு 2024 இல 22 வீதம், 2030 இல 80 வீதம் எண்டு இலக்கு, தவறினால் காருக்குப் 15,000 பவுண் தண்டம் எண்டு துவங்கி, 2025 இல 12,000 ஆக்கிறம் எண்டு அறிவிச்சினம். கொம்பனிக்குக் குறைச்சவை எனக்கு என்ன குறைச்சவை? நான் பெற்றோலிலயும் ஓடுற, பிளக்கிலயும் குத்துற ஹைபிரிட்டோட நிக்கிறன்.

ஸ்காபரோவில இருந்து:

அக்கா, வழிகாட்டி விசயம் இண்டைக்குப் பாத்தன், 28 நிண்ட இடத்தில 61 வந்தது. நன்றி. இன்னொரு உதவி. அந்தப் பெரிய வயர் எப்பிடிப் போகுது, மீற்றர் எங்க இருக்கு எண்டு ஒரு படம் எடுத்துப் போடேலுமோ? வாற மாதம் எங்கட கொண்டோ நிர்வாக போர்ட் கூட்டம். ஏழு பேர், ஆறு பேரிட்ட பெற்றோல் கார். வாயால சொன்னால் கேக்காயினம்.