சித்திரையில் கோ 4 தீவனப் புல் காய்கிறது, ஆடும் தண்டைத் தின்பதில்லை. அழித்துவிடலாமா?

மேச்சேரிக்காரன்:
வணக்கம். எங்களுக்கு ஒன்றரை ஏக்கர். 2 கறவை மாடு, 18 மேச்சேரி ஆடு. போன வருடம் அரை ஏக்கரில் கோ 4 கரணை ஊன்றினேன். தை வரை ஆள் உயரம் நின்றது. சித்திரையில் கிணறு வற்றியதும் கருகிவிட்டது. ஆடுகள் தோகையை மட்டும் உருவிக்கொண்டு தண்டை மிதித்துப் போடுகின்றன. மீதி ஒரு ஏக்கர் மேட்டுக்காடு, சும்மா கிடக்கிறது. புல்லை அழித்துவிட்டு வேறு ஏதாவது போடலாமா?

ஓமலூர் அக்கா:
அழிக்க வேண்டாம் தம்பி, குறைத்துக்கொள்ளுங்கள். கோ 4 மாட்டுப் புல். தண்ணீரும் உரமும் சரியாக இருந்தால் எக்டருக்கு ஆண்டுக்கு 380 டன் வரும். அப்படியென்றால் 20 சென்ட்டில் நாளுக்கு 80 கிலோவுக்கு மேல். அதில் முக்கால் பங்கு கிடைத்தாலே இரண்டு மாட்டுக்குத் தாராளம். இருக்கிற தண்ணீரை அந்த 20 சென்ட்டுக்கு மட்டும் விடுங்கள். 45 நாளுக்கு ஒரு முறை அறுங்கள். தண்டு முற்றவிட்டால் மாடும் ஒதுக்கும்.

ஆட்டுக்கு மேட்டுக்காடுதான். அதில் கொழுக்கட்டைப் புல் மூன்று வரிசை, முயல் மசால் என்கிற பயறு வகைத் தீவனச் செடி ஒரு வரிசை என்று விதையுங்கள். காங்கேயம் பக்கம் கொறங்காடு என்கிற மேய்ச்சல் நிலம் பார்த்திருப்பீர்களே! கிளுவை வேலி, உள்ளே வெள்வேல மரம், கீழே கொழுக்கட்டைப் புல். பாசனமே கிடையாது. மழை பெய்ததும் துளிர்க்கும். ஆட்டை மேயவிட்டு, படலைச் சாத்திப் புல்லை ஆறவிடுவார்கள். எனக்கு அதைப் பார்த்துத்தான் புத்தி வந்தது. அதுவரை நானும் போர் மேல் போர் போட்டுக் கடனாளி ஆனவள்தான்.

விதையில் கவனம். நான் முதல் தடவை அப்போதுதான் அறுத்த கொழுக்கட்டை விதையை வாங்கி விதைத்து, பத்து முளைகூட வரவில்லை. அதற்கு உறக்கம் உண்டு, ஆறு மாதமாவது வைத்திருந்து விதைக்க வேண்டும். விற்றவர் இதைச் சொல்லவே இல்லை. முயல் மசால் விதைக்குத் தோல் கடினம். 80 டிகிரி வெந்நீரில் 4 நிமிடம் போட்டு எடுத்து, இரவு முழுக்கப் பச்சைத் தண்ணீரில் ஊறவையுங்கள். முதல் வருடம் அறுத்துத்தான் போட வேண்டும். வேர் பிடிக்கும் முன் ஆட்டை விட்டால் தூரோடு பிடுங்கிவிடும்.

வாழப்பாடி:
அக்கா சொல்வது சரி. வரப்பில் வேலிமசால் என்கிற தீவனச் செடியும் போடுங்கள், புரதத்துக்கு நல்லது. இன்னொன்று, கோடையில் பச்சைக்குத் தவித்து, வாடிய இளஞ்சோளத்தை அறுத்துப் போட்டுவிடாதீர்கள். அதில் நஞ்சு ஏறியிருக்கும். எங்கள் வீட்டுக் கிடேரி ஒன்று அரை மணி நேரத்தில் போய்விட்டது. பூத்த பிறகுதான் சோளத்தை அறுக்க வேண்டும்.

மேச்சேரிக்காரன்:
ரொம்ப நன்றி அக்கா, அண்ணா. 30 சென்ட் கரணையைத் தோண்டிப் பக்கத்துக் காட்டுக்காரருக்குக் கொடுத்துவிடுகிறேன், அவருக்குப் போர் தண்ணீர் இருக்கிறது. மேட்டுக்காட்டை ஆடிக்குள் உழுதுவிட்டால் புரட்டாசி மழைக்கு விதைக்கலாமா?

ஓமலூர் அக்கா:
தாராளமாக. விதையை மட்டும் இப்போதே வாங்கிக் கோணிப் பையில் கட்டி வையுங்கள்.